பிரேக் சத்தமும் மௌன முகாமும்: ‘பார்த்துக்கொண்டே இரு’ என்பது எல்லோருக்கும் மருந்தா?

#1 மழைக்காகம் (ஞாயிறு, இரவு 11:48)

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டியில் போகும்போது ஒரு லாரி பக்கவாட்டில் தட்டியது. ஓட்டியது நான். பின்னால் இருந்த தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. அன்றிலிருந்து தூக்கம் ஒழுங்காக இல்லை. பஸ் பிரேக் போட்டால் கை நடுங்கும். அந்த நாற்சந்தி வழியாக இன்று வரை போனதில்லை. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி மௌனத் தியான முகாம் ஒன்றுக்குப் போனேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள், அது இங்கே தேவையில்லை. பேசக்கூடாது, போன் கிடையாது. மூச்சைப் பார், உடம்பில் எழுவதைப் பார், எதுவும் நிலையில்லை என்று உணர். முதல் மூன்று நாள் நன்றாகவே இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் கண்ணை மூடியதும் அந்தப் பிரேக் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. தம்பி சட்டையின் சோப்பு வாசனைகூட வந்தது. நடத்தியவரிடம் சொன்னேன். “பழையது மேலே வருகிறது, நல்லதுதான், அதையும் பார்த்துக்கொண்டிருங்கள்” என்றார். பார்த்தேன். ஏழாம் நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் ஆகிறது. முன்பைவிட மோசமாக இருக்கிறது. புத்தர் துக்கத்துக்கு மருந்து சொன்னவர் என்கிறார்கள். அந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோளாறு என்னிடமா?

#2 நடைவண்டி (திங்கள், காலை 5:32)

சகோதரி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஒன்பது வருடமாகத் தினமும் தியானத்தில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சல்லத்த சூத்திரம் என்ற புத்தர் உரையில் இரண்டு அம்பு உவமை வரும். ஒருவன் மேல் அம்பு தைக்கிறது, அது உடம்பின் வலி. அதை நினைத்து அழுது புலம்புவது அதே ஆள் மேல் தைக்கும் இரண்டாவது அம்பு. முதல் அம்பு யாரையும் விடாது. பயிற்சி உள்ளவனுக்கு இரண்டாவது இல்லை. உங்களுக்கு ஐந்தாம் நாள் வந்தது அந்த இரண்டாவது அம்பைப் பிடுங்கும் வலி. பாதியில் எழுந்து வந்தது, ஆபரேஷன் மேஜையிலிருந்து இறங்கி ஓடியது மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஒரு முறை போய் முழுசாக இருந்து பாருங்கள்.

#3 ஆறாம்வார்டு (திங்கள், காலை 7:15)

இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மனநலப் பிரிவில் நர்ஸாகப் பதினான்கு வருடம். மழைக்காகம், முதலில் உங்களுக்கு: தயவுசெய்து இப்போதைக்கு மறுபடி முகாமுக்குப் போகாதீர்கள்.

நடைவண்டி அண்ணா, ஆபரேஷன் என்றே வைத்துக்கொள்வோம். பிரஷர், சுகர் பார்க்காமல் யாராவது கத்தி வைப்பார்களா? பெரிய விபத்தில் மாட்டியவர்களுக்கு நடந்தது வெறும் ஞாபகமாக இருக்காது. அது உடம்பில் உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடு, பேசாதே, உடம்பை மட்டும் கவனி என்றால் ஆளை நேராக அந்த லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வெளியே வர ஒரு கதவுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் “அக்கா, பயமாக இருக்கு” என்று சொல்லக்கூட முடியாது. இது அவருடைய மனபலத்தைப் பற்றிய விஷயமே இல்லை.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. தியானம் செய்கிறவர்களுக்குப் பயம், பதற்றம், பழைய கொடுமை அப்படியே மீண்டும் நடப்பது போன்ற அனுபவம் எல்லாம் வரக்கூடும் என்று பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். அவர்கள் பேட்டி எடுத்தது பௌத்தத் தியானம் செய்கிறவர்களையும் கற்றுக்கொடுக்கிறவர்களையும்தான்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் சத்தம் வந்தால் மூச்சைப் பார்க்க வேண்டாம். காலடியில் தரையை அழுத்துங்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வையுங்கள். அப்புறம் கட்டாயம் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். விபத்து அதிர்ச்சிக்கென்றே சிகிச்சை இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. ராத்திரியில் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

#4 மட்டுறுத்துநர் (திங்கள், காலை 9:02)

‘ஏழே நாளில் மன அமைதி’ காணொளிச் சுட்டி நீக்கப்பட்டது. மூன்றாவது தடவை. அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

#5 ஓலைச்சுவடி (திங்கள், மாலை 4:40)

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி கொஞ்சம் படித்திருக்கிறேன், பண்டிதன் இல்லை. ‘பார்த்துக்கொண்டே இரு’ என்பதுதான் புத்தரின் மருந்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது போல இழை போகிறது. அதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பௌத்த நூல்களில் வரும் படாசாரையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவத்தி நகரத்துச் செல்வர் மகள், வேலைக்காரனோடு ஓடிப்போனவள். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழியில் புயல். ஒதுங்க இடம் செய்யக் கிளை வெட்டப் போன கணவனைப் பாம்பு கடித்தது. ஆற்றில் வெள்ளம். பச்சைக்குழந்தையை அக்கரையில் வைத்துவிட்டு மூத்தவனை அழைத்துவர நடு ஆற்றில் திரும்பி வரும்போது ஒரு பருந்து குழந்தையைத் தூக்கியது. இவள் கையை வீசிக் கத்தினாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து மூத்தவன் தண்ணீரில் இறங்கினான், வெள்ளம் கொண்டுபோனது. ஊர் வந்து சேர்ந்தால், அதே புயலில் வீடு இடிந்து அம்மா, அப்பா, அண்ணன் மூவருக்கும் ஒரே சிதை. புத்தி பேதலித்து, உடுத்திய துணி நழுவியதுகூடத் தெரியாமல் தெருவில் அலைந்தாள். ஜனங்கள் மண்ணாங்கட்டியால் அடித்தார்கள்.

மழைக்காகம், அந்தக் கை வீசியதை நீங்கள் கவனிப்பீர்கள் என்று நினைக்கிறேன். காப்பாற்றத்தான் வீசினாள்.

புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்துக்குள் அவள் வந்தபோது கூட்டம் தடுத்தது. புத்தர் தடுக்காதீர்கள் என்றார். அவளிடம் அவர் சொன்னது ஒரே வரி: “ஸதிம் படிலப, பகினி.” தங்கையே, நினைவுக்கு வா. ஸதி என்பதற்கு இன்று விழிப்புணர்வு, முழுக்கவனம் என்றெல்லாம் பெரிய சொற்கள் போடுகிறார்கள். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது. மயங்கி விழுந்தவருக்கு ‘நினைவு வந்தது’ என்கிறோம். செத்துப்போன தம்பியும் ‘நினைவில்’ இருக்கிறான். பாலியில் ஸதிக்கு இந்த இரண்டு அர்த்தமும் உண்டு.

நினைவு வந்ததும் தான் ஆடையில்லாமல் நிற்பது அவளுக்கு உறைத்தது, கூனிக் குறுகி உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒருவன் தன் மேல்துண்டை எடுத்துப் போட்டான். அதைச் சுற்றிக்கொண்ட பிறகு நடந்ததையெல்லாம் வாயால் சொன்னாள். புத்தர் முழுக்கக் கேட்டார். போதனை அதற்கப்புறம்தான். தியானம் இன்னும் பின்னால். அவள் மனம் விடுபட்டது பிக்குணியான பிறகு, கால் கழுவிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்த ஒரு நாளில், அறைக்குள் போய் ஊசியால் விளக்குத் திரியை இழுத்து அணைத்தபோது. நாம் அந்தத் திரிக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துவந்து முகாம் நடத்துகிறோம், துண்டு போட்டவனை விட்டுவிட்டோம்.

இன்னொன்று. மேகியன் என்ற இளம் பிக்கு ஆற்றோரம் ஒரு மாந்தோப்பைப் பார்த்து, தனியாகப் போய் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தார். புத்தர் இரண்டு தடவை, கொஞ்சம் பொறு என்றார். கேட்கவில்லை. போய் உட்கார்ந்தால் ஒரே கெட்ட நினைப்புகள். திரும்பி வந்தவரிடம் புத்தர், பக்குவப்படாத மனம் பக்குவப்பட ஐந்து வேண்டும் என்றார். அந்த ஐந்தில் முதலாவது நல்ல நண்பன்.

#6 நடைவண்டி (திங்கள், மாலை 6:20)

ஐயா, மேகியன் கதை எனக்குத் தெரியும், இப்படி யோசித்ததில்லை. ஆனால் பயிற்சியே கெடுதல் என்று புத்தர் எங்கும் சொன்னதில்லையே?

#7 ஓலைச்சுவடி (திங்கள், இரவு 8:05)

கெடுதல் நடந்ததைப் பௌத்த நூல்களே மறைக்காமல் பதிவு செய்திருக்கின்றன. வைசாலியில் புத்தர் பிக்குகளுக்கு உடம்பின் அசுத்தத்தைத் தியானிக்கச் சொல்லிவிட்டு அரை மாதம் தனித்திருக்கப் போனார். திரும்பி வந்தபோது கூட்டம் மெலிந்திருந்தது. உடம்பையே வெறுத்துப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தர் வேறு வழி சொல்லும்படி கேட்க, அவர் மூச்சுத் தியானத்தைச் சொன்னார். மருந்தை மாற்றினாரே தவிர, நோயாளிக்குப் பலம் போதாது என்று அவர் சொல்லவில்லை.

வலி தரும் எண்ணத்தை வெறித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. விதக்கசண்டான சூத்திரம் என்ற இன்னொரு உரையில், வேண்டாத எண்ணத்தை விலக்க ஐந்து உபாயம் வருகிறது. முதலாவது, தச்சன் சின்ன ஆப்பால் பெரிய ஆப்பை அடித்து வெளியே தள்ளுவது போல வேறு நல்ல எண்ணத்தால் மாற்றுவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பார்க்க விரும்பாததைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வது அல்லது வேறு பக்கம் திரும்புவது போல, அதைக் கவனிக்காமல் விட்டுவிடு. பார்க்காமல் இருப்பதற்கும் புத்தர் அனுமதி உண்டு.

#8 நீலவானம் (திங்கள், இரவு 10:31)

எல்லாம் சரி. ஆனால் யாரும் வினை பற்றிப் பேசவில்லையே. இந்த அக்காவிடம் இந்நேரம் நாலு பேராவது ‘பூர்வஜென்ம பலன்’ என்று சொல்லியிருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் தலையில் வைக்கும் இன்னொரு கல் அது. எங்கள் தாத்தா பாட்டிக்கு அந்தக் கல்லோடுதான் வாழ்க்கையே ஓடியது. தெருவுக்குள் வராதே என்று சொன்னவனுக்குப் பாவமில்லை, சொல்லக் கேட்டவன் முற்பிறப்பில் பாவம் செய்தவனாம்.

அதனால்தான் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் தம்மம் ஏற்றபோது பழைய மூட்டையை அப்படியே தூக்கிக்கொள்ளவில்லை. 1957-ல், அவர் இறந்த பிறகு வந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ முன்னுரையிலேயே, துக்கத்தைப் பற்றிய நான்கு உண்மைகள் புத்தரே சொன்னவைதானா என்று கேட்கிறார். வாழ்வு, சாவு, மறுபிறப்பு எல்லாமே துக்கம் என்றால் மனிதனுக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும் என்பது அவர் வாதம். சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனதற்கும் கிழவன், நோயாளி, பிணம் பார்த்த கதையை அவர் ஏற்கவில்லை, ரோகிணி ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையைக் காரணமாக வைக்கிறார். மனிதன் மனிதனுக்குச் செய்யும் துக்கத்தை மூச்சைப் பார்த்தே கரைத்துவிட முடியாது. அந்த நாற்சந்தியில் சிக்னல் இருந்ததா? லாரி டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டியிருந்தார்? அதையும் யாராவது கேட்க வேண்டும்.

#9 ஓலைச்சுவடி (செவ்வாய், காலை 6:50)

நீலவானம், உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி தருகிறேன். மோளியசீவகன் என்ற துறவி புத்தரிடம், மனிதன் படும் எல்லா அனுபவமும் முன்வினையால்தான் என்கிறார்களே என்று கேட்டார். புத்தர் மறுத்து எட்டுக் காரணம் சொன்னார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், உடம்பை ஒழுங்காகப் பேணாதது, திடீரென்று வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியில் வினை. எட்டில் ஒன்றுதான் வினை. லாரிக்குத் தனி வரிசை எண்ணே இருக்கிறது.

நேர்மையாக எதிர்ச்சாட்சியும் சொல்ல வேண்டும். நம் மணிமேகலையில், மகன் உதயகுமரனை இழந்த அரசி ஆத்திரத்தில் மணிமேகலையைப் படாத பாடு படுத்துகிறாள். கடைசியில் அவள் அழும்போது மணிமேகலை கேட்பது “உடற்கழு தனையோ உயிர்க்கழு தனையோ” என்று. தர்க்கம் அருமை. ஆனால் தொடர்ந்து அவன் முற்பிறப்பில் சமையல்காரனை வெட்டிய கணக்கை எடுத்து வைக்கிறாள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேரேடு காட்டுவதா? அந்த நூலில் நான் நம்பும் இடம் வேறு. சிறைக்குள் போய் அமுதசுரபியால் கைதிகளின் பசியாற்றுகிறாளே, அது. அங்கே அவள் யாருக்கும் தத்துவம் சொல்லவில்லை.

#10 வடமராட்சியான் (செவ்வாய், காலை 8:14, ரொறொன்ரோ நேரம்)

இந்தத் தலைப்பைத் திறக்கவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சின்ன வயதில், இலங்கையில் போர் நடந்தபோது, சோதனைச்சாவடியில் பிரித் என்ற பௌத்த மந்திரம் ஓதும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். வரிசையில் அப்பா கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். இன்றைக்கும் காவி உடுப்பைக் கண்டால் என் தோள் இறுகும். புத்தர் நல்லவர்தான், எனக்குத் தெரியும். என் தோளுக்குத் தெரியாது. ஆகவே பௌத்தம் ஆறுதல் தரும் என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று ஒருக்கால் கேட்கத்தான் தோன்றும்.

நாங்கள் இதை மனவடு என்போம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தனி ஆளுக்கு மட்டுமல்ல, ஊருக்கே வடு விழும் என்பது அவர் பார்வை. சாந்தப் பயிற்சிகளோடு அவரவர் சமயத்தில் பழகிய வழிபாட்டையும் சடங்கையும் பயன்படுத்தச் சொன்னவர் அவர். அம்மம்மாவுக்கு அந்தியேட்டிதான், அதாவது இறந்தவருக்குச் செய்யும் சடங்குதான் மருந்து, தியானமில்லை. என் மாமா காணாமல் போனவர். செத்த நாள் தெரியாததால் அந்தியேட்டி செய்யவில்லை. அம்மம்மா சாகும்வரை கதவை முழுக்கப் பூட்டவில்லை.

#11 மீகாங்கரை (செவ்வாய், இரவு 9:27)

வடமராட்சியான், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் திருப்பூர்க்காரன். கம்போடியாவில், புனோம் பென் பக்கம் ஒரு துணி ஆலையில் நாலு வருடம் தரப் பரிசோதனை வேலை. 1975 முதல் 1979 வரை போல் பாட் ஆட்சியில் அங்கே சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். பலருக்குச் சமாதி இல்லை, தேதி இல்லை. ஆண்டுதோறும் இறந்தவர்களுக்காகப் பச்சும் பென் என்று பதினைந்து நாள் வரும். நம் மகாளயபட்சம் வரும் அதே தேய்பிறைதான். விடிகாலை நாலு மணிக்கு விகாரையைச் சுற்றி இருட்டில் சோற்று உருண்டை போடுவார்கள். ஏழு விகாரைக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். எந்த இடத்தில் நம் ஆள் பசியோடு காத்திருக்கிறார் என்று தெரியாதே. என் லைன் சூப்பர்வைசர் அம்மா, தேதி தெரியாத தன் அண்ணனுக்காக ஏழுக்கும் போவார். திரும்பி வந்ததும் நன்றாகச் சாப்பிடுவார்.

அவர்கள் மொழியில் பக்ஸ்பாத் என்று ஒரு சொல் உண்டு. ‘உடைந்துபோன தைரியம்’ என்று அர்த்தம். நாம் இடிந்துபோனான் என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

அங்கே மகா கோசானந்தா என்ற பிக்குவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். போல் பாட் காலத்தில் அவர் தாய்லாந்துக் காட்டு மடத்தில் இருந்ததால் பிழைத்தார், குடும்பமே போய்விட்டது. எழுபதுகளின் கடைசியில் எல்லை அகதி முகாமுக்குப் போய், வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை என்ற தம்மபத அடியைத் திரும்பத் திரும்ப ஓதினார். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தையே கேட்காத ஜனம் சேர்ந்து ஓதி அழுதது. 1992-ல் முகாம்களிலிருந்து புனோம் பென் வரை அகதிகளோடு நடந்தார். அடுத்த வருடம் தேர்தலுக்கு முன், சண்டை நடந்த பகுதி வழியாகவே நடந்தார்கள். ஊர் ஊராக ஜனங்கள் வாளியில் தண்ணீரோடு காத்திருந்து தெளிப்பு வாங்கிக்கொண்டார்களாம்.

இன்னொன்றும் உண்டு. டிபிஓ என்ற உளநல அமைப்பில், தப்பிப் பிழைத்தவர் தன் கதையை ஆலோசகரிடம் சொல்லச் சொல்ல அதை எழுதுகிறார்கள். பிறகு விகாரையில் பிக்குகள் முன்னால், உறவுக்காரர் உட்கார்ந்திருக்க, அதைச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஓலைச்சுவடி ஐயா சொன்ன துண்டும் அது கிடைத்தபின் அவள் வாய் திறந்ததும் ஞாபகம் வந்தது.

#12 காப்பித்தூள் (செவ்வாய், இரவு 11:10)

2011 ஜப்பான் சுனாமிக்குப் பிறகு மியாகி மாகாணத்தில் கனெத்தா தாயியோ என்ற ஜென் குரு வண்டியில் காபி, கேக் ஏற்றிக்கொண்டு தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போனார். பெயர் ‘கஃபே டி மோங்க்’. ஜப்பானிய மொழியில் மோங்கு என்றால் புலம்பல், குறை சொல்வது. புலம்ப வாங்க, காபி குடிங்க என்று அர்த்தம் வரும்படி வைத்த பெயர். பின்னணியில் தெலோனியஸ் மோங்க் என்ற இசைக்கலைஞரின் ஜாஸ் ஓடும். ஜென் என்றால் சுவரைப் பார்த்து உட்காருவது என்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான், தூங்கப் போகிறேன்.

#13 நடைவண்டி (புதன், காலை 5:40)

மழைக்காகம், முதல் பதிலில் நான் எழுதியது தப்பு. ஓடியது என்று எழுதியிருக்கக் கூடாது. சல்லத்த சூத்திரத்தை நேற்று மறுபடி படித்தேன். முதல் அம்பு வலிக்காது என்று அதில் எங்குமே இல்லை. அம்பு தைத்து நிற்பவரிடம் இரண்டாவதைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எனக்கு உட்காருவது உதவியது என்பது உண்மை, ஆனால் எனக்கு லாரி வரவில்லை.

#14 மழைக்காகம் (வியாழன், இரவு 10:05)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நடைவண்டி அண்ணா, பரவாயில்லை.

நீலவானம் கேட்டதற்கு: சிக்னல் இருந்தது, வேலை செய்யவில்லை. போலீஸ் எழுதியதில் அது இருக்கிறது. மூன்று வருடமாக நான் அந்த வரியைத் தாண்டித்தான் படித்திருக்கிறேன்.

ஆறாம்வார்டு அக்கா, அரசு மருத்துவமனைக்கு நேற்றுப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். டாக்டர் கொஞ்சமாகத்தான் பேசினார், தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார், அடுத்த செவ்வாய் உளவியலாளரிடம் வரச் சொன்னார். கண்ணை மூடச் சொல்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். சிரித்தார்.

படாசாரையின் கதையை அம்மாவிடம் சொன்னேன். கை வீசிய இடம் வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தம்பியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை. அன்று ராத்திரி பன்னிரண்டு வரை பேசினோம். அவன் கேரம் போர்டில் ஏமாற்றுவது வரை.

நாற்சந்திக்கு இன்னும் போகவில்லை.

#15 ஆறாம்வார்டு (வெள்ளி, காலை 7:20)

அவசரமே இல்லை. போகும் அன்று தனியாகப் போக வேண்டாம். முதலில் ஒரு தெரு தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் போதும். அதையும் உளவியலாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்த ஊர் நீங்கள்?

#16 மழைக்காகம் (வெள்ளி, காலை 8:01)

சேலம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்புதான். ஓலைச்சுவடி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கே போகும்போதெல்லாம் மேகியன் ஞாபகம் வந்து சிரிப்பு வருகிறது. இப்போது தோப்பில் அம்மாவும் கூட உட்காருகிறார். கயிற்றுக் கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வாங்க வேண்டும்.